லேப்டாப் வரும்வரை நடந்தோம்

கல்யாணமாகிக் கோவில்பட்டிக்கு வந்த புதிதில் என் வீட்டுக்காரரும் நானும் தனியாக எங்கேயும் போனதில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போவதற்கு ஒரு காரணம் வேண்டும், அது எங்களிடம் இல்லை.

கூட்டுக் குடும்பம். மாமா, அத்தை, என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், அவர் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு ஆபீஸ் என்றுதான் பேர். சென்னையில் என்னோடு வேலை பார்த்த தோழியிடம் "மாப்பிள்ளைக்குச் சொந்த ஆபீஸ்" என்று சொல்லியிருந்தேன். அவள் ஏ.சி. அறையையும் சுழல் நாற்காலியையும் நினைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தாள். வந்து பார்த்தால் தகரக் கொட்டகை, குச்சி மூட்டை, மெழுகு வாடை. "இதாடி ஆபீஸ்?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் சிரித்தாள்.

ஒருமுறை என் வீட்டுக்காரர் மெல்ல, "சினிமாவுக்குப் போவோமா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டது மாடிப்படியில். கீழே நின்ற மூத்தவரின் மகள் காதில் அது விழுந்துவிட்டது. சாயங்காலம் வீடே கிளம்பியது. அத்தை முறுக்கு டப்பாவோடு வந்தார். தியேட்டரில் ஆண்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. படம் முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு, படத்தைவிட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் பசுவந்தனைக்கு அப்பால் ஒரு கரிசல் கிராமத்துக்காரி. அப்பாவுக்கு மானாவாரி நிலம். பருத்தி, உளுந்து, மிளகாய். படித்து முடித்துச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரப்போகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை அச்சுக்கு முன் பக்கம் பக்கமாகப் படித்துப் பிழை திருத்துகிற வேலை. கல்யாணத்துக்காக விட்டுவிட்டு வந்தேன். வந்த கொஞ்ச நாளில் அந்தக் கம்பெனி மேலாளர் அம்மா போனில் கூப்பிட்டு, "வீட்டிலிருந்தே செய்கிறாயா? உன்னிடம் கம்ப்யூட்டர் மட்டும் இருந்தால் போதும்" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் பேச்சை எடுத்தார். மாமா மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே, "வீட்டுக்குள்ள இருந்தே செய்யுத வேலைன்னா செய்யட்டும். படிச்ச படிப்பு ஏன் வீணாப் போகணும்?" என்றார். இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் எந்த மாதிரி கம்ப்யூட்டர் என்பதில் சிக்கல் வந்தது. பெரிய கம்ப்யூட்டராக வாங்கி ஹாலில் டி.வி.க்குப் பக்கத்தில் வைக்கலாம், எல்லாரும் பார்க்கலாம் என்றார் மாமா. ஹாலில் உட்கார்ந்து, பிள்ளைகள் தோளில் தொங்க, நான் பிழை திருத்துவதை நினைத்துப் பார்த்தேன். பதில் சொல்வதற்குள் கரண்ட் போய்விட்டது. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு தொடங்கியிருந்த நேரம். இருட்டில் என் வீட்டுக்காரரின் குரல் மட்டும் கேட்டது.

"இதுக்குத்தாம்ப்பா லேப்டாப் வேணுங்கேன். அதுல பேட்டரி இருக்கும்."

மாமா இருட்டிலேயே சம்மதித்தார்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு வேறு சிந்தனையே இல்லாமல் போயிற்று. அதிகம் பேசாத மனுஷர். அப்படிப்பட்டவர் லேப்டாப் வைத்திருக்கிற யாரைப் பார்த்தாலும் நின்று விசாரிக்க ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி, வாங்கி எத்தனை வருஷம், இதுவரை என்ன ரிப்பேர். ஊரில் அப்போது லேப்டாப் வைத்திருந்தவர்களை எண்ணிவிடலாம். கம்பெனிகளின் பேரைச் சொன்னால் எங்கள் வீட்டில் இன்றைக்கும் சண்டை வரும். அதனால் அடையாளம் மட்டும் சொல்கிறேன்.

பேங்க் அதிகாரியிடம் இருந்தது வெள்ளி நிறம். பார்க்க அழகு. ஆனால் கீல் உடைந்து, திரைக்குப் பின்னால் ஒரு தடித்த டிக்‌ஷனரியை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். கேட்டால், "கம்பெனி நல்ல கம்பெனி, என் பையன்தான் கையை வச்சிட்டான்" என்றாராம். கேரளத்திலிருந்து தீப்பெட்டி எடுக்க வருகிற வியாபாரி ஒருவர் மெல்லிசான ஜப்பான் லேப்டாப் வைத்திருந்தார். அது கெடவே கெடாது, கெட்டால் மட்டும் சாமான் கிடைக்காது. கல்லூரி விரிவுரையாளருடையது விலை மலிவு. கொஞ்ச நேரம் ஓடினால் அதன் மேல் தோசை ஊற்றலாம். தூத்துக்குடி ஆடிட்டர் ஒருவரிடம் கனத்த கறுப்பு லேப்டாப். எட்டயபுரம் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து ஓரம் விண்டுபோய், அதற்கப்புறமும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது.

யாரும் தன் லேப்டாப்பை விட்டுக் கொடுக்கவில்லை. டிக்‌ஷனரி முட்டுக் கொடுத்தவர் உட்பட.

என் வீட்டுக்காரருக்குக் கறுப்பில் மனசு விழுந்துவிட்டது. எனக்கு வேறு எண்ணம். சென்னை ஆபீஸில் நான் பழகியது சாம்பல் நிறத்தில் ஒரு கம்பெனி. அதன் கீபோர்டு என் விரலுக்குப் பழக்கம்.

"நாம என்ன பைக்ல இருந்து கீழ போடவா வாங்குதோம்?" என்றேன்.

"போட மாட்டோம்னு என்ன நிச்சயம்?" என்றார்.

மாமா கேட்டது ஒரே கேள்வி. "சர்வீஸ் எங்கன?" கறுப்புக்கு மதுரை. சாம்பலுக்குத் திருநெல்வேலி. "அப்ப சாம்பலே வாங்கு. மதுரைக்கு யாரு சொமந்துக்கிட்டுப் போறது?" அத்தை தன் பங்குக்கு, "நம்ம ஊரு வெயிலுக்கும் புழுதிக்கும் எது தாங்குமோ அதைப் பாரு" என்றார். கடைசியில் கறுப்புதான் ஜெயித்தது. எனக்காக வாங்குகிற சாமானுக்காக அவர் இவ்வளவு அலைந்த பிறகு எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

மெயின் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது கம்ப்யூட்டர் கடை. கடைக்காரர் என் வீட்டுக்காரரைவிட இளையவர். அவரை அண்ணாச்சி என்றும் என்னை மதினி என்றும் கூப்பிடுவார். கறுப்பு லேப்டாப் ஊரில் யாரும் அதிகம் கேட்பதில்லை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒரு வாரம் பத்து நாளில் வந்துவிடும் என்றார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார் என் வீட்டுக்காரர். வீட்டுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷனும் சொல்லியாயிற்று. அதற்கான மோடம் பெட்டி மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டது. டெலிபோனுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு அது சும்மா இருந்தது. போகிறபோதும் வருகிறபோதும் மாமா அதைப் பார்த்து, "எதுக்கு இப்படி மினுங்குது? கரண்ட் இழுக்காதா?" என்பார்.

சொன்ன நாளில் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். நாளைக்கு வருமாம். மறுநாள் சாயங்காலம் அவர் கிளம்பும்போது அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏலே, எது நல்லது எது கெட்டதுன்னு உனக்கு என்ன தெரியும்? வேலை செய்யப்போறது அவ. அவளையும் கூட்டிட்டுப் போயிக் காட்டு."

ஸ்கூட்டரை மூத்தவர் எடுத்துப் போயிருந்தார். நடந்தே போனோம்.

முதல் நாள் அவர் நாலைந்து எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் பின்னால். மார்க்கெட் பக்கத்தில் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்து, ஆளைக் காணாமல் பதறி, ஒரு வெங்காயக் கடை வாசலில் என்னைக் கண்டுபிடித்தார்.

"நீங்க எப்பவும் இப்படித்தான் நடப்பீங்களா?" என்றேன்.

"எப்படி?"

"யாரோ தொரத்துத மாதிரி."

அதற்கப்புறம் பக்கத்தில் நடந்தார். ரொம்பப் பக்கத்தில் இல்லை. நடுவில் ஒரு ஆள் போகலாம். என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆகவே லேப்டாப்பைப் பற்றிப் பேசினோம். கறுப்பின் கனம் நல்லதா கெட்டதா. சாம்பலின் திரை ஏன் இரண்டு வருஷத்தில் மங்குகிறது. பேட்டரி போனால் எங்கே வாங்குவது. கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். லேப்டாப் வரவில்லை. "நாளைக்கு வந்துரும் மதினி" என்றார் கடைக்காரர். வேறு வழியாகத் திரும்பி வந்தோம். அது கொஞ்சம் சுற்று.

இப்படித்தான் அது பழக்கமாயிற்று. சாயங்காலம் விளக்கேற்றி முடித்ததும் அவர் ஆபீஸிலிருந்து வருவார், முகம் கழுவுவார், "அம்மா, லேப்டாப் வந்துட்டான்னு பாத்துட்டு வாரோம்" என்பார். அத்தை, "வரும்போது கறிவேப்பிலை வாங்கிட்டு வாங்க" என்பார். இல்லையென்றால் வெத்தலை, இல்லையென்றால் பிள்ளைகளுக்குச் சேவு. திரும்பி வந்ததும், "வந்துட்டா?" என்று கேட்பார். "இல்லம்மா, நாளைக்காம்." அந்தப் பதிலோடு கறிவேப்பிலையும் அடுப்படிக்குப் போய்விடும்.

ஏன் தாமதம் என்பதற்குக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தார். பொய்யில்லை, எல்லாம் நடந்ததுதான். முதலில் சென்னையிலேயே சரக்கு இல்லை. பிறகு பார்சல், லாரி ஆபீஸில் யாரோ ஊர்ப் பேரில் பாதியை மட்டும் படித்ததால் சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒருவழியாக வந்தது. கடைக்காரர் எங்கள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்து ஆன் செய்தார். திரையின் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி, கொசு கடித்த மாதிரி.

"இதை நான் உங்களுக்குத் தர மாட்டேன் மதினி. அப்படியே இருக்கட்டும்னு நீங்க சொன்னாலும் தர மாட்டேன். திருப்பி அனுப்பி வேற வாங்கித் தாரேன்" என்றார். அவர் முகம் வாடியிருந்தது. எங்களுக்குத்தான் அவ்வளவாக வருத்தம் வரவில்லை என்பதைப் படியிறங்கும்போது கவனித்தேன்.

அந்தக் கடையில் எப்போதும் ஐந்தாறு லேப்டாப்கள் முதுகு திறந்து கிடக்கும். நாங்கள் போய் உட்கார்ந்ததும் என் வீட்டுக்காரர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். ஒருநாள் அவருக்குக் கொண்டாட்டம். திறந்து கிடந்ததில் மூன்று சாம்பல்.

"பாத்தியா? உன் கம்பெனிதான் ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கு."

கடைக்காரர் திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "அப்படிக் கணக்குப் பண்ணக் கூடாது அண்ணாச்சி. ஊர்ல பாதிப் பேரு அதைத்தான் வாங்குதாவ. அதிகமா விக்கிறது அதிகமா ரிப்பேருக்கு வரும். உங்க கறுப்பு இந்த ஊர்லயே ரெண்டு பேருகிட்டதான் இருக்கு, அது எப்படி இங்கன வரும்?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். வழி நெடுக அதைச் சொல்லியே அவரைச் சீண்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு எங்களுக்கு நடுவே ஆள் போக இடம் இல்லை.

பேச்சு லேப்டாப்பில் தொடங்கினாலும் அதிலேயே நிற்கவில்லை. எட்டாவது படிக்கும்போது வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, மறுபடி பூட்டத் தெரியாமல் ஒரு துணிப்பையில் கட்டிப் பரணில் ஒளித்து வைத்ததைச் சொன்னார். பாட்டு கேட்க முடியாமல் மாமா ஒரு வாரம் தேடினாராம். நான் சென்னை ஹாஸ்டலில், ஊர்ப் பேச்சு பேசினால் சிரிக்கிறார்கள் என்று மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இருந்ததைச் சொன்னேன். "இப்ப மட்டும் எப்படி இவ்வளவு பேசுதே?" என்றார். ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. மழை என்றால் அப்பா நினைவு வரும். விதைப்புக்கு மழை வரவில்லை என்றால் அப்பா ஒவ்வொரு நாளும் காட்டுக்குப் போய் ஒரு கை மண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வருவார். போகாவிட்டாலும் மழை வருகிறபோதுதான் வரும், ஆனாலும் போவார்.

வீட்டில் நல்ல குடை ஒன்றுதான் உண்டு. ஒரே குடைக்குள் போய்க்கொண்டிருந்தபோது எதிரே தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் குடையை என் கையில் திணித்துவிட்டு ஒரே தாவில் மழைக்குள் போய்விட்டார். அந்த அம்மா நின்று, அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஏன் மொதலாளி நனையுதீங்க? குடைதான் பெருசா இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போனார். தலையைத் துவட்டும்போது வீட்டில் என்ன காரணம் சொன்னார் என்று எனக்கு நினைவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைக்காரர் ஒருநாள் எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"மதினி, தெனமும் இப்படி நடக்க வைக்கது எனக்கே கஷ்டமா இருக்கு. நீங்க கேட்ட சாம்பல் ஒண்ணு கைவசம் இருக்கு. பிரிக்காத பெட்டி. இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க. கறுப்பை நான் வேற ஆளுக்குக் குடுத்துக்கிடுதேன்."

நான் ஆசைப்பட்ட கம்பெனி. கைக்கெட்டும் தூரத்தில் பெட்டி. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். உனக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள் என்று முகம் சொன்னது.

"வேண்டாம்" என்றேன். "கறுப்புன்னு முடிவு பண்ணியாச்சு. காத்திருக்கோம்."

"ஆமா, காத்திருக்கோம்" என்றார் அவரும், நான் முடிப்பதற்குள்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. எனக்கும் அப்போது முழுதாகப் புரிந்தது என்று சொல்ல முடியாது.

ஆனால் சென்னையில் மேலாளர் அம்மா காத்திருக்கத் தயாராக இல்லை. முதல் கட்டுரையை அனுப்பிவிட்டார். இந்தத் தடவை முடியாது என்று சொன்னால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பிளைவுட் தடுப்பு வைத்த புறாக்கூண்டு. பக்கத்துக் கூண்டில் யாரோ வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாற்காலி, அவருக்கு ஒரு ஸ்டூல். பிரிண்ட் எடுத்த மூலத்தை அவர் விரல் வைத்து மெல்ல வாசிக்க, நான் திரையில் ஒப்பிட்டுத் திருத்தினேன். கட்டுரை பருத்திப் பூச்சிகளைப் பற்றியது. வாயில் நுழையாத லத்தீன் பேர் ஒன்று அடிக்கடி வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் அந்தப் பேரில் தடுக்கி விழுந்தார். படத்தைப் பார்த்ததும் நான், "இது எங்க காட்டுல வருத காய்ப்புழுதாங்க" என்றேன். அதற்கப்புறம் அந்தப் பேர் வந்த இடத்திலெல்லாம் அவர் "காய்ப்புழு" என்றே வாசித்தார். ஆங்கிலத்துக்கு நடுவே ஒவ்வொரு வரியிலும் ஒரு காய்ப்புழு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சென்டர்காரர் தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, "சத்தம் போடாதீங்க" என்றார். இப்படிச் சில சாயங்காலங்கள் கடைக்கும் போய், சென்டருக்கும் போய், கட்டுரையை முடித்து அனுப்பினோம்.

அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் என் வீட்டுக்காரர் சரக்கு விஷயமாகச் சாத்தூர் போய்விட்டார், வர நேரமாகும். அத்தை என்னைக் கூப்பிட்டார்.

"நான் மார்க்கெட்டுக்குப் போறேன். நீயும் வா. அப்படியே அந்தப் பொட்டி வந்துட்டான்னு கேட்டுட்டு வருவோம்."

அத்தைக்கு முழங்கால் வலி. கடையின் மாடிப்படியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். என்னையும் அத்தையையும் பார்த்தார். எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"அண்ணாச்சி வரலையா?"

"அவன் சாத்தூர் போயிருக்கான். எங்களுக்கு அந்தப் பொட்டி இன்னும் வரலையாய்யா? புள்ளைக தெனமும் நடையா நடக்குதுக" என்றார் அத்தை.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "அது வந்து ஒரு வாரமாச்சே அத்தை! அண்ணாச்சிதான், 'இருக்கட்டும், மெதுவா எடுத்துக்கிடுதேன்'னாவ. இந்தா, உள்ள பத்திரமா வச்சிருக்கேன். எடுத்துட்டு வரட்டா?"

சொல்லி முடிக்கும்போதே தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். வார்த்தை தேய்ந்து நின்றது. ஒரு வாரம். ஒரு வாரமாகத் தினமும் வந்திருக்கிறோம். நான் கீழே வளையல் கடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அவர் மட்டும் மேலே போய், "இன்னும் வரலையாம்" என்று இறங்கி வந்தது இப்போது நினைவுக்கு வந்தது. அத்தை முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார். "அப்ப இருக்கட்டும்யா. அவனே வந்து வாங்கிக்கிடட்டும்" என்றார்.

மார்க்கெட்டில் அத்தை கத்தரிக்காய் பொறுக்கினார். பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்போது வெடிக்கும் என்று காத்திருந்தேன். திரும்பும் வழியில் ரோட்டோரம் ஒரு மர நிழலில் காலுக்கு ஓய்வாக நின்றார்.

"எங்க எல்லாம் போவீங்க?" என்று கேட்டார்.

"எங்கயும் இல்ல அத்தை. கடைக்கு. பெறவு சுத்தி ஸ்டேஷன் ரோடு வழியா வீட்டுக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அத்தை ரோட்டைப் பார்த்தார். "எங்களுக்கெல்லாம் அப்ப வாங்கிக்கிடதுக்கு ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றார். பிறகு, "வா ஏட்டி, நேரமாச்சு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அதுவரை என்னை 'இந்தாம்மா' என்றுதான் கூப்பிடுவார். 'ஏட்டி' அன்றைக்குத்தான் முதல்.

வீட்டு வாசலில் மாமா நின்றிருந்தார். "வந்துட்டா?"

அத்தை செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்க வருது? இன்னும் வரலையாம்" என்றார்.

மறுநாள் காலை எங்கள் தெருவுக்குக் குடிநீர் வருகிற முறை. விடியும்போதே நான் குழாயடியில் நின்று நிரப்ப, அவர் மாடிக்குத் தூக்கிப் போய் டிரம்மில் ஊற்றுவார். அவர் நாலாவது குடத்துக்கு இறங்கி வந்தபோது கேட்டேன்.

"கடையில இருக்க பொட்டியை எப்ப எடுக்கப் போறீங்க?"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். முகத்தில் ஈ ஆடவில்லை.

"யாரு சொன்னா?"

"நானும் அத்தையும் நேத்துப் போனோம்."

"அம்மாவுமா?" என்று அங்கேயே, ஈரப் படியில், உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ராத்திரி முழுக்கக் கோபம் இருந்தது. "நான் அந்தச் சென்டர்ல கண்ணு எரிய உக்காந்திருந்தேன். கடைசி ரெண்டு நாளும் லேப்டாப் கடையில வந்து இருந்திருக்கு."

"நானும்தான் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன்லா" என்றார். அது சமாதானம் ஆகாது என்று அவருக்கே தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"வாங்கிட்டா பெறவு நாம என்ன சொல்லிட்டு வெளிய போறது?"

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அருமையான தண்ணீரை அப்படி வழிய விட்டதற்கு வேறொரு நாளாக இருந்தால் அத்தை சும்மா இருந்திருக்க மாட்டார். அடுப்படி ஜன்னலில் அவர் நிற்பது தெரிந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு பேருமாகப் போய் லேப்டாப்பை வாங்கி வந்தோம். கடைக்காரர் என் வீட்டுக்காரர் கண்ணைப் பார்க்காமல் ரசீது எழுதினார். வீட்டில் எல்லாரும் கூடினார்கள். அத்தை மூடியின் மேல் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். மாமா தூக்கிப் பார்த்து, "கனமாத்தான் இருக்கு" என்றார். பச்சை விளக்குப் பெட்டிக்கு ஒருவழியாக வேலை வந்தது.

மறுநாள் சாயங்காலம் விளக்கேற்றி முடித்தேன். அவர் ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு ஹாலில் நின்றார். நான் அடுப்படி வாசலில் நின்றேன். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாமா டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே," அத்தையின் குரல் உள்ளேயிருந்து வந்தது, "அந்தப் பொட்டிக்கு மேல போடுததுக்கு உறை ஒண்ணு வேணும்லா? புழுதி விழுந்துறாது? ரெண்டு பேருமாப் போயி அளவு பாத்து வாங்கிட்டு வாங்க."

போனோம். உறை கிடைத்தது. அதற்கு அடுத்த நாள் கீபோர்டு மேல் விரிக்க ஒரு ரப்பர் தாள். பிறகு ஒரு மவுஸ். மவுஸை மாற்ற ஒருநாள். பிறகு பேட்டரி ஏன் கொஞ்சம் சூடாகிறது என்று கேட்டுவர. எந்தக் காரணத்தையும் நாங்கள் சொல்லவேண்டி வரவில்லை. கரண்டில் போடுகிற பின் லூசாக இருக்கிறதே என்று அத்தையே ஒருநாள் கண்டுபிடித்தார். அவருக்கு அந்தப் பின் எதில் போடுவது என்றுகூடத் தெரியாது.

அந்தக் கறுப்பு லேப்டாப் என்னிடம் பல வருஷம் ஓடியது. கீல் உடையவில்லை, திரை மங்கவில்லை. என் மகன் தவழ்கிற வயதில் அதைக் கட்டிலிலிருந்து இழுத்துத் தள்ளினான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சாம்பல் தவறு, கறுப்பே சரி என்று நானே ஒப்புக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டில் அதற்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க எங்களால் முடியவில்லை. ஏனென்றால் மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பொட்டி இது? வாறதுக்கே ஒரு மாசம். வந்த பெறவும் தெனமும் ரெண்டு பேரும் கடையே கதியா அலையுதாவ. இன்னைக்கு வயரு, நாளைக்கு உறை. சாம்பலை வாங்குன்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டானா?"

இதை அவர் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. டீக்கடையில் சொன்னார், தீப்பெட்டி வாங்க வந்தவர்களிடம் சொன்னார், கல்யாண வீடுகளில் சொன்னார். லேப்டாப் வாங்க யோசித்த யார் காதிலாவது விழுந்தால், "அந்தக் கறுப்பு மட்டும் வேண்டாம் கேட்டீங்களா? எங்க வீட்டுல இருக்கு. ஒருநாள் கூட ரிப்பேர் இல்லாம இருந்ததில்ல" என்று அடித்துச் சொன்னார். அனுபவப்பட்டவர் வாக்கு என்று ஊர் நம்பியது.

கடைக்காரர் ஒருநாள் எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணாச்சி, உங்க அப்பா பேச்சைக் கேட்டு ரெண்டு பேரு கறுப்பு ஆர்டரை மாத்திட்டாவ. நீங்க அவியகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

என் வீட்டுக்காரர் டீயை ஊதிக் குடித்தார். "என்னன்னு சொல்லச் சொல்லுதே?" என்றார்.

கடைக்காரர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மேசை டிராயரை இழுத்து, "திரை துடைக்க ஒரு துணி வந்திருக்கு மதினி. இன்னைக்கு அதை எடுத்துட்டுப் போங்க" என்றார்.